1966: ஐந்து மறைவுகளும் முடிவுறாத ஒரு விவாதமும்

ஓர் ஆண்டில் மறைந்தோரை நினைவுகூரும்போது அரசியலர், அறிவியலர், கலைஞர் எனத் துறைவாரியாகப் பிரித்து எழுதுவது வழக்கம். ஒரே காலத்தில் வாழ்ந்த இவர்கள் ஒரே கேள்வியை எதிர்கொண்டிருந்தார்கள் என்பதை அந்தப் பிரிப்பு மறைத்துவிடுகிறது. 1966 இதற்கு நல்ல சான்று. அவ்வாண்டின் முதல் ஆறு மாதங்களுக்குள் இயக்குநர் பிமல் ராய், பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, இயற்பியலர் ஹோமி பாபா, ஓவியர் நந்தலால் போஸ், கணிதவியலரும் வரலாற்றாய்வாளருமான டி.டி. கோசாம்பி ஆகிய ஐவரையும் இந்தியா இழந்தது. விடுதலை பெற்ற நாட்டில் கிராமத்து உழைப்பாளியின் இடம் எது என்னும் கேள்வி ஐவரின் பணியிலும் ஏதேனும் ஒரு வகையில் இடம்பெற்றது. அவர்கள் கண்ட விடைகள் வேறுபட்டன. அவற்றுள் இரண்டு நேருக்கு நேர் மோதவும் செய்தன.

ஜனவரி மாதத் தொடக்கத்தில் பம்பாயில் காலமானவர் பிமல் ராய். டாக்காவில் ஒரு ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்த இவரே, நிலம் இழந்த விவசாயியைப் பற்றிய ‘தோ பிகா ஜமீன்’ (1953) திரைப்படத்தை எடுத்தவர். கடனுக்காக நிலத்தை இழக்கும் நிலையில் இருக்கும் சம்பு, பணம் ஈட்டக் கல்கத்தாவுக்குச் சென்று ரிக்‌ஷா இழுக்கிறான். ஊர் திரும்பும்போது அவனது நிலத்தில் ஆலை எழுந்துகொண்டிருக்கிறது. தன் மண்ணில் ஒரு பிடி அள்ளவும் அவனுக்கு உரிமை இல்லை. 1954இல் கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்ற இப்படம், தொழில்மயமாக்கத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டது. நாடு ஆலைகளைக் கொண்டாடிக்கொண்டிருந்த காலம் அது.

சில நாள்களில், ஜனவரி 11 அதிகாலையில், சாஸ்திரி தாஷ்கண்டில் மறைந்தார். பாகிஸ்தானுடனான உடன்படிக்கையில் முந்தைய நாள்தான் அவர் கையெழுத்திட்டிருந்தார். அவரது மறைவைச் சுற்றிய ஐயங்களே இன்று மிகுதியாகப் பேசப்படுகின்றன. அவர் விட்டுச்சென்ற வேளாண் கொள்கை அதனினும் கவனத்துக்குரியது. வறட்சியும் போரும் ஒருங்கே வந்த 1965இல் படைவீரரையும் உழவரையும் ஒரே முழக்கத்தில் இணைத்த அவர், வாரம் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். அவருடைய அமைச்சரவையில் உணவு, வேளாண்மைத் துறையை ஏற்ற சி. சுப்பிரமணியம் புதிய விதைகளை ஆதரித்தார். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்திறங்கியபோது சாஸ்திரி உயிருடன் இல்லை. அவ்வாண்டில் இந்தியா ஏறத்தாழ 1 கோடி டன் தானியத்தை இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது.

இந்திரா காந்தி பிரதமராகப் பதவியேற்ற ஜனவரி 24 அன்றே, ஏர் இந்தியாவின் ‘கஞ்சன்ஜங்கா’ விமானம் மோன் பிளாங்க் மலையில் மோதியது. இறந்த 117 பேரில் ஹோமி பாபாவும் ஒருவர். 1945இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தையும் 1954இல் டிராம்பே அணுசக்தி நிலையத்தையும் உருவாக்கியவர் அவர். நாட்டின் வறுமைக்கு மின்சாரமே மருந்து என்றும், நிலக்கரி மட்டும் அதற்குப் போதாது என்றும் அவர் கருதினார். கேரள, குமரிக் கடற்கரை மணலில் உள்ள தோரியத்தை இறுதி இலக்காக வைத்து மூன்று கட்ட அணுமின் திட்டத்தை வகுத்தார்.

ஏப்ரல் 16 அன்று நந்தலால் போஸ் தம் 83ஆம் வயதில் மறைந்தார். அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப்படியைச் சாந்திநிகேதன் மாணவர்களுடன் அணிசெய்தவர் என்றே அவர் பெரிதும் அறியப்படுகிறார். அதற்கு முன்பே, 1938ஆம் ஆண்டு ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்காகக் காந்தியின் அழைப்பின்பேரில் எண்பதுக்கும் மேற்பட்ட சுவரொட்டி ஓவியங்களைத் தீட்டினார். பறை கொட்டுவோர், செருப்புத் தைப்போர், நூல் நூற்போர், உழுவோர் ஆகியோரே அவற்றின் நாயகர்கள். கண்காட்சிக் கூடத்துக்கு வர இயலாதவர்களும் வழிநடையில் காணும்படி அவை வைக்கப்பட்டன.

ஜூன் 29 அன்று புனேயில் உறக்கத்திலேயே காலமானார் கோசாம்பி. வயது 58. பாலி அறிஞர் தர்மானந்த கோசாம்பியின் மகன். மரபியலில் இன்றும் வழங்கும் ‘கோசாம்பி வரைபடச் சார்பு’ இவருடையது. ஆயிரக்கணக்கான முத்திரைக் காசுகளை எடையிட்டு, புழக்கத்தில் அவை தேய்ந்த அளவைக் கணித முறைப்படி ஆராய்ந்தார். பர்த்ருஹரியின் பெயரில் வழங்கும் செய்யுள்களை நூற்றுக்கணக்கான சுவடிகளுடன் ஒப்பிட்டு 1948இல் ஆய்வுப் பதிப்பாக வெளியிட்டார். புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் நடந்து திரிந்து, நுண்கற்கருவிகளையும் தாய்த்தெய்வக் கோயில்களையும் குறித்துக்கொண்டார். ஏடு எழுதாத மக்களின் வரலாறு அவர்களுடைய நிலத்திலும் வழிபாட்டிலும் எஞ்சியிருக்கிறது என்பதே இந்த உழைப்பின் அடிப்படை.

பாபாவின் அழைப்பை ஏற்று டாடா நிறுவனத்தில் கணிதப் பேராசிரியராகச் சேர்ந்தவர் கோசாம்பி. புனேயிலிருந்து பம்பாய்க்கு ரயிலில் சென்று வந்து பணியாற்றினார். ஆனால் எரிசக்தி பற்றிய பார்வையில் இருவரும் பிரிந்தனர். அணுமின்சாரம் பெருஞ்செலவு பிடிப்பது. வெயில் மிகுந்த இந்நாட்டில் கிராமங்கள் நேரடியாகப் பயன்படுத்தக்கூடிய சூரிய ஆற்றலே ஏற்றது என்று கோசாம்பி வாதிட்டார். அணு ஆயுதங்களுக்கு எதிரான உலக அமைதி இயக்கத்திலும் தீவிரமாகச் செயல்பட்டார். 1962இல் நிறுவனத்துடனான அவரது ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

மறைவுக்குப் பின் இருவருக்கும் கிடைத்த நினைவு ஒரே அளவினதன்று. டிராம்பே நிலையம் 1967இல் பாபாவின் பெயரைப் பெற்றது. கோசாம்பிக்கு அஞ்சல் தலை வெளிவந்தது 2008இல், நூற்றாண்டையொட்டி. ஆனால் 2010இல் இந்திய அரசே தேசியச் சூரிய ஆற்றல் இயக்கத்தைத் தொடங்கியது. அதனால் பாபா தோற்றார் என்று ஆகிவிடாது. அவர் வகுத்த அணுமின் திட்டமும் தொடர்கிறது. மின்சாரத்துக்குச் செலவும் இடரும் உண்டென்றால் அவற்றைச் சுமப்பவர் யார், அதை முடிவுசெய்பவர் யார் என்ற கேள்வி இருவருக்கும் பொதுவாக நிற்கிறது.

அணு உலையானாலும் பல்லாயிரம் ஏக்கரில் விரியும் சூரியப் பூங்காவானாலும் நிலம் தேவை. அங்கே பிமல் ராயின் சம்பு மறுபடியும் எதிர்ப்படுகிறான். இந்த ஐவரையும் இயற்பியல், ஓவியம், திரைப்படம், அரசியல், வரலாறு எனத் தனித்தனி வகுப்பறைகளில் படிக்கும் மாணவர்கள், ஒருமுறையேனும் ஒன்றாக வைத்துப் படிப்பது நல்லது. 1966 விட்டுச்சென்ற விவாதம் அப்போதுதான் முழுமையாகக் கேட்கும்.