கோஜிராவின் பிறப்பில் மலாயா: காட்டோ நொரிஹிரோவின் வாசிப்புக்கு ஒரு மறுப்பு

1954 நவம்பர் 3 அன்று ஜப்பானின் தோஹோ திரைப்பட நிறுவனம் வெளியிட்ட ‘கோஜிரா’, ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் கடலடியிலிருந்து எழுந்துவரும் 50 மீட்டர் உயர விலங்கின் கதை. படத்தை இயக்கியவர் ஹோண்டா இஷிரோ. தந்திரக் காட்சிகள் சுபுராயா எய்ஜி. தயாரிப்பு டனாக்கா தொமொயுக்கி. அவ்வாண்டு மார்ச் 1 அன்று பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடிக்கச் செய்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், மீன்பிடிக் கப்பலொன்றிலிருந்த 23 ஜப்பானியர்மேல் படிந்ததே படத்தின் உடனடித் தூண்டுதல். அணுகுண்டின் உருவகம் என்ற வாசிப்பு பழகிப்போனது. இங்கு ஆராயப்படுவது அதற்கு மாற்றாக எழுந்த, ஜப்பானியத் திறனாய்வாளர் காட்டோ நொரிஹிரோவின் வாசிப்பு.

2010இல் வெளிவந்த கட்டுரைத் தொகுப்பில் காட்டோ, கோஜிராவைப் போரில் மாண்ட ஜப்பானியரின் ஆவியாகக் காண்கிறார். தென்கடல்களில் மடிந்து, தோல்விக்குப்பின் நாட்டால் மறக்கப்பட்டவர்கள் தாயகம் திரும்புகிறார்கள். விலங்கு மீண்டும் மீண்டும் ஜப்பானுக்கே வருவதன் காரணம் இதுவே என்கிறார். இது தனித்து நிற்கும் கருத்தன்று. 1995இல் அவர் எழுதிய தோல்விக்குப் பிந்தைய ஜப்பான் பற்றிய கட்டுரையில், தம் நாட்டின் 30 லட்சம் போர்மரணங்களுக்கு முதலில் துக்கம் காத்தால்தான் ஆசியாவின் 2 கோடி மரணங்களுக்கு மன்னிப்புக் கேட்கும் தகுதி பிறக்கும் என்று வாதிட்டார். மெய்யியலாளர் தகாஹாஷி தெட்சுயா போன்றோர் அப்போதே அதைக் கடுமையாக மறுத்தனர். கோஜிரா வாசிப்பிலும் அதே வரிசைதான் தொடர்கிறது: முதலில் நம்மவர், பிறகு மற்றவர்.

படத்தின் மரபுவழி இந்த வரிசைக்கு இடம் தரவில்லை. சுபுராயாவின் கலை முதிர்ந்தது போர்ப் பிரச்சாரப் படங்களில். 1942 டிசம்பர் 3 அன்று வெளியான ‘ஹவாய்–மலாயா கடற்போர்’ படத்துக்காக அவர் பேர்ல் துறைமுகத்தையும் போர்க்கப்பல்களையும் சிற்றுருக்களாகச் சமைத்தார். குவாந்தான் கடலில் 1941 டிசம்பர் 10 அன்று பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மூழ்கியதே அதன் மலாயாப் பகுதி. அந்த மூழ்கடிப்புக்கு 18 நாள் கழித்து ஜப்பானியப் படை பேராக்கின் ஈப்போவைப் பிடித்தது. ஆண்டு முடிவில் கம்பாரில் சண்டை மூண்டது. போர்ப் படங்களில் ஆற்றிய பங்குக்காக 1948இல் சுபுராயா பதவி நீக்கப்பட்டார். வெற்றியைக் காட்டிய அதே சிற்றுருக் கலை 1954இல் டோக்கியோவின் அழிவைக் காட்டியது.

இரண்டாவது சான்று டனாக்காவிடமிருந்து வருகிறது. இந்தோனேசியாவோடு கூட்டாக எடுக்க இருந்த படத்துக்கு அந்நாட்டரசு விசா மறுத்ததால் அது கைவிடப்பட்டது; ஜகார்த்தாவிலிருந்து திரும்பும் விமானத்தில் விலங்குப் படத்தின் எண்ணம் உதித்தது என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். பின்னாளைய நினைவுகூரல் என்பதால் தேதியை அறுதியிட இயலாது. பிக்கினிச் செய்திக்கும் அந்தப் பயணத்துக்குமான முன்பின்னும் ஐயத்துக்குரியது. ஆயினும் தென்கிழக்காசியாவின் போர்க்கால மனக்கசப்பு இல்லையேல் அந்த விசா மறுப்பு இல்லை. மறுப்பு இல்லையேல் அவ்வாண்டு அந்த இடத்தில் கோஜிராவும் இல்லை.

படத்தின் ஒரு காட்சி இங்கு நுணுகிப் பார்க்கத் தக்கது. எரியும் டோக்கியோவின் கின்ஸா பகுதியில் தப்ப வழியற்ற தாய் ஒருத்தி, கட்டடச் சுவரோரம் ஒடுங்கி, பிள்ளைகளை அணைத்தபடி, சற்று நேரத்தில் அப்பாவிடம் போய்விடுவோம் என்கிறாள். அவளைப் போர் விதவையாகக் கொள்வதே பரவலான வாசிப்பு. காட்டோவின் கருத்துக்கு இதைவிட வலுவான சான்று படத்தில் இல்லை. ஆனால் கணவன் எங்கே மடிந்தான், அங்கே என்ன செய்துகொண்டிருந்தான் என்று வசனம் சொல்வதில்லை. சீனத்திலோ, பர்மாவிலோ, மலாயாவிலோ ஆகலாம். படத்தில் வரும் ரயில் பயணிகளின் உரையாடலும் இத்தகையதே. நாகசாகி, கதிரியக்கம் ஏறிய சூரை மீன், மீண்டும் ஊரைவிட்டுப் போகும் அச்சம் என அவர்கள் பேசுவதெல்லாம் ஜப்பானியத் துயரம். ரேமண்ட் பர் நடித்து 1956இல் வந்த அமெரிக்கப் பதிப்பு இந்த உரையாடலையும் வெட்டிவிட்டது. மூலம் பிறர் துயரைச் சொல்லவில்லை. மறுபதிப்பு ஜப்பானியர் துயரையும் நீக்கியது.

சொல்லப்படாதது சான்றாகுமா என்ற கேள்வி நியாயமானது. வசனத்தின் மௌனத்தைக் கொண்டு படைப்பாளியின் நோக்கத்தை நிறுவ முடியாது. ஆனால் காட்டோவும் நோக்கத்தை மட்டும் நம்பி வாதிடவில்லை. சமூகத்தின் அடிமனத்தைத்தான் படிக்கிறார். அந்த அளவுகோலை ஏற்றால், தென்கடலிலிருந்து எழும் இறந்தோரில் ஜப்பானியரை மட்டும் பொறுக்கியெடுக்க உரிமை இல்லை.

பேராக் வாசகருக்கு இது ஏட்டு வாதமன்று. ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் ஏற்றுமதி முடங்கி, தோட்டங்களில் வேலையும் அரிசியும் அற்றுப்போயின. மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் தோட்டத் தமிழர், 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இறந்தோர் எண்ணிக்கையில் இன்றும் ஒருமித்த முடிவில்லை. ஆனால் பல்லாயிரவர் திரும்பவில்லை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஈப்போவை அடுத்த பாப்பானில் ஜப்பானிய எதிர்ப்புக் கெரில்லாக்களுக்கு மருத்துவம் பார்த்து, ஜப்பானிய இராணுவப் போலீசான கெம்பெய்தாயின் சித்திரவதைக்கு ஆளாகி, 1948இல் மறைந்த சிபில் கார்த்திகேசுவின் நினைவுக்குறிப்புகள் லண்டனில் அச்சேறியதும் 1954இல்தான். கோஜிரா வந்த ஆண்டிலேயே பேராக்கின் சாட்சியமும் நூலாகிவிட்டது. ஒரு நாட்டின் துக்கம் முடியும்வரை மற்றொன்று காத்திருக்கவில்லை.

ஆகவே காட்டோவின் வாசிப்பு பாதியளவில் ஏற்கத்தக்கது. கோஜிராவில் போரில் இறந்தோர் திரும்புகிறார்கள் என்பது சரி. அவர்கள் ஜப்பானியர் மட்டுமே என்பதற்குப் படத்தில் ஆதாரமில்லை. 1942 படத்தின் மலாயாக் கடலும் 1954இன் ஜகார்த்தா மறுப்பும் தோற்றக் காரணங்களாகச் சேர்க்கப்பட வேண்டியவை. அவற்றுள் முன்னது தொழில்நுட்ப மரபாக உறுதிப்பட்டது. பின்னது டனாக்காவின் கூற்றளவில் நிற்கிறது.