லாக் மருத்துவமனையிலிருந்து ஊரடங்கு வரை: அல்சூரை முன்வைத்து ஒரு குறிப்பு

2020 செப்டம்பர் இறுதியில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. கோவிட் காலத்தில் வருமானம் அற்றுப்போன பாலியல் தொழிலாளர்களுக்கு, அடையாளச் சான்று எதுவும் கோராமல், மாநில அரசுகள் உலர் உணவுப் பொருள்களை வழங்க வேண்டும் என்பதே அது. பயனாளிகளைத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் சட்டப் பணிகள் ஆணையங்களும் அடையாளம் காண வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டது. ரேஷன் அட்டை இல்லாதவருக்கும் அரிசி உண்டு. ஆனால் அதைப் பெற, பாலியல் தொழிலாளர் என ஏதோ ஒரு பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பசித்த ஒருவர் அப்படிப்பட்ட பட்டியலில் ஏற ஏன் தயங்க வேண்டும்? இதற்கான விடை 2020-க்குள் இல்லை. அதைத் தேடப் பெங்களூருவின் அல்சூரிலிருந்து தொடங்கலாம்.

கன்னடத்தில் ஹலசூரு. சொல்முதல் ஹகரம் தமிழர் நாவில் மறைந்து அல்சூர் ஆயிற்று. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மலேரியாவால் அவதியுற்ற பிரிட்டிஷ் படைகளுக்காக 1809-இல் இவ்வூரையொட்டிக் கண்டோன்மென்ட் அமைக்கப்பட்டது. படையின் பின்னால் மதராஸ் மாகாணத்துத் தமிழர்கள் வந்தனர்: சிப்பாய்கள், ஒப்பந்தக்காரர்கள், சமையல்காரர்கள், சலவைத் தொழிலாளர்கள், கட்டட வேலையாட்கள். படையையும் பாசறையையும் குறிக்கும் ‘தண்டு’ என்ற சொல்லே அப்பகுதியின் பெயராகவும் வழங்கியது. சிவாஜிநகரின் தண்டு மாரியம்மன் கோயில் இன்றும் அதை நினைவூட்டுகிறது. 1881-இல் மைசூர் அரசு மீண்டும் உடையார் வசம் ஒப்படைக்கப்பட்ட பின்னரும் இப்பகுதி ‘சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்’ என்ற பெயரில் பிரிட்டிஷ் நிர்வாகத்திலேயே நீடித்தது. 1949-இல்தான் பழைய பெங்களூர் நகரத்தோடு இணைந்தது.

கண்டோன்மென்ட்டின் பெரும்பான்மைப் படைவீரர்கள் மணமாகாத இளைஞர்கள். மணமுடித்து வாழப் படை அனுமதித்தவர்கள் சிலரே. ஆகவே பாலுறவைத் தடுப்பது நிர்வாகத்தின் நோக்கமாக இருக்கவில்லை. நோயின்றி அது நடக்கச் செய்வதே நோக்கம். அதற்கென உருவான நிறுவனம் லாக் மருத்துவமனை. மதராஸ் மாகாணத்தில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய இம்மருத்துவமனைகள் 1830-களில் மூடப்பட்டன. 1857 கிளர்ச்சிக்குப் பின் ஐரோப்பியப் படையினரின் எண்ணிக்கை பெருகியபோது மீண்டும் திறக்கப்பட்டன. பெங்களூர்க் கண்டோன்மென்ட்டிலும் ஒன்று இயங்கியது.

‘லாக்’ என்ற பெயர் பூட்டு என்னும் பொருளில் தோன்றியதன்று. 1747-இல் திறக்கப்பட்ட லண்டன் லாக் மருத்துவமனை, அந்நகரின் பழைய தொழுநோய் விடுதி ஒன்றின் பெயரை ஏற்றது என்பர். புண்களில் சுற்றும் கந்தல் துணியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லோடு அப்பெயரைத் தொடர்புபடுத்துவோரும் உண்டு. இந்தியப் பாளையங்களில் அச்சொல் பூட்டு என்ற பொருளையே நடைமுறையில் அடைந்தது. தமிழ் மருத்துவ மரபோ இந்நோய்க்கு வேறொரு வரலாற்றைத் தன் சொல்லில் வைத்திருந்தது: பறங்கிப்புண். வடமொழியில் 16-ஆம் நூற்றாண்டின் பாவபிரகாசம் இதனைப் ‘பிரங்க ரோகம்’ என்றது. இச்சொற்கள் நோயைக் கடல்கடந்து வந்த பறங்கியரோடு இணைத்தன. கண்டோன்மென்ட் நிர்வாகம் அதே நோயை உள்ளூர்ப் பெண்ணின் உடலில் வைத்தது.

1864-ஆம் ஆண்டின் கண்டோன்மென்ட் சட்டம் இதற்கு விதிமுறை வடிவம் கொடுத்தது. படையினரிடம் செல்லும் பெண்கள் பதிவேட்டில் பெயர் எழுதிக்கொள்ள வேண்டும்; அடையாளச் சீட்டு வைத்திருக்க வேண்டும்; குறித்த நாளில் உடற்சோதனைக்கு வர வேண்டும்; நோய் கண்டால் விடுவிக்கும்வரை மருத்துவமனையில் அடைபட்டிருக்க வேண்டும். 1868-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் இம்முறையைக் கல்கத்தா, மதராஸ் முதலிய நகரங்களுக்கும் கொண்டுசென்றது. ஆண்களுக்கு இத்தகைய பதிவேடு இல்லை. பிரிட்டிஷ் இராணுவத்தில் வீரர்களுக்கான கட்டாயப் பிறப்புறுப்புச் சோதனை, அவர்களின் தன்மதிப்பைக் குலைக்கிறது என்ற காரணத்தால் 1850-களின் இறுதியில் கைவிடப்பட்டிருந்தது. பெண்ணின் தன்மதிப்பு அக்கணக்கில் வரவில்லை.

அன்றைய மருத்துவத்தின் நிலையையும் மறக்கலாகாது. சிபிலிஸுக்குப் பயன்தரும் முதல் நவீன மருந்தான சல்வர்சான் 1910-இல்தான் விற்பனைக்கு வந்தது, பெனிசிலின் 1940-களில். அதற்கு முன் முதன்மைச் சிகிச்சை பாதரசம். புண் ஆறியது கண்ணுக்குத் தெரியும். நோய் தீர்ந்ததா என்பதை யாராலும் உறுதி சொல்ல இயலாது. அடைத்து வைப்பதற்கான அதிகாரம் இருந்தது. குணப்படுத்தும் ஆற்றல் இல்லை.

இத்திட்டம் தோற்றது. பெண்கள் பதிவைத் தவிர்த்தனர், ஊர் மாறினர், தொழிலை மறைத்தனர். கல்கத்தாவில் பலர் நகரத்தையே விட்டு நீங்கினர். ஜோசபின் பட்லர் முதலியோரின் இயக்கத்தால் இங்கிலாந்தில் இவ்வகைச் சட்டங்கள் 1886-இல் நீக்கப்பட்டன. 1888-இல் இந்தியச் சட்டமும் நீங்கியது. ஆயினும் கண்டோன்மென்ட் விதிகளின் மறைவில் பழைய முறை தொடர்ந்ததை 1890-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெண்கள் இருவர், எலிசபெத் ஆண்ட்ரூவும் கேத்தரின் புஷ்நெல்லும், வட இந்தியப் பாளையங்களில் நேரில் கண்டு வெளிப்படுத்தினர்.

அடுத்த திருப்பம் பிளேக். 1896-இல் பம்பாயில் தொடங்கிய அந்நோய் 1898 ஆகஸ்டில் பெங்களூரை அடைந்தது. நெருக்கமான குடியிருப்புகள் ஆபத்தானவை எனக் கருதப்பட்டதால் நகரின் வடிவமே மாறியது. மல்லேஸ்வரமும் பசவனகுடியும், கண்டோன்மென்ட் பக்கத்தில் பிரேசர் டவுனும் அக்காலத்தின் விளைவுகள். நெறிகட்டியைத் தேடி அக்குளையும் தொடையிடுக்கையும் தொட்டுப் பார்க்கும் சோதனை ரயில் பயணிகள் மீது திணிக்கப்பட்டது. லாக் மருத்துவமனை ஒரு பிரிவுப் பெண்களுக்குச் செய்ததை, பிளேக் அதிகாரிகள் எல்லாக் குடும்பப் பெண்களுக்கும் செய்யத் துணிந்தபோதுதான் நாடு கொதித்தது. அதற்காக இயற்றப்பட்ட 1897-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டமே, 2020 மார்ச்சில் கர்நாடக அரசு கோவிட் ஒழுங்குவிதிகளைப் பிறப்பிக்கவும் அடிப்படையாயிற்று.

நாடு விடுதலை பெற்ற பின்னும் பழைய பார்வை மறையவில்லை. 1986-இல் இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில். சுனிதி சாலமன் வழிகாட்ட, ஆய்வு மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகளில் அது தெரியவந்தது. மிகப் பெரிய அறிவியல் பங்களிப்பு அது. அம்மாதிரிகள், நீதிமன்ற ஆணையால் அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து பெறப்பட்டவை. எய்ட்ஸைத் தேடுவதாக அப்பெண்களிடம் கூறவில்லை என்று நிர்மலாவே பின்னாளில் சொன்னார். அடைபட்ட உடலே எளிதில் கிடைக்கும் உடல் என்ற நிலை, நோக்கம் நல்லதாயிருந்தபோதும் மாறவில்லை.

மாற்றம் வேறொரு திசையிலிருந்து வந்தது. 2003-இல் தொடங்கிய அவஹான் திட்டமும், மைசூரின் அசோதயா சமிதி, பெங்களூருவின் சுவாதி மகிளா சங்கம் முதலிய அமைப்புகளும் பாலியல் தொழிலாளர்களையே களப்பணியாளர்களாக்கின. சோதனைக்கு வருமாறு சொன்னவர் காவலர் அல்லர். அதே தொழிலிலிருந்த தோழி. 2000-க்கும் 2015-க்கும் இடையில் இந்தியாவில் புதிய எச்ஐவி தொற்றுகள் ஏறத்தாழ 66 விழுக்காடு குறைந்ததாகத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு மதிப்பிட்டது. இதற்குக் காரணங்கள் பல. நம்பிக்கையின் அடிப்படையிலான இவ்வலையமைப்பு அவற்றுள் முதன்மையானது.

2020 மார்ச் 25-இல் தொடங்கிய ஊரடங்கு இந்த வலையமைப்பின் மீதுதான் விழுந்தது. கர்நாடகத்தில் பாலியல் தொழில் பெரும்பாலும் தெரு, பேருந்து நிலையம், விடுதி, கைபேசி ஆகியவற்றைச் சார்ந்தது. அவ்விடங்கள் ஒரே இரவில் அடங்கின. மருத்துவமனைகள் திறந்திருந்தன, சென்றடையப் பேருந்து இல்லை. அல்சூருக்கு அண்மையில் உள்ள பௌரிங் மருத்துவமனை போன்ற பொது மருத்துவமனைகள் கோவிட் சிகிச்சைக்குத் திரும்பின. எச்ஐவி மருந்துகளை ஒரே தவணையில் பல மாதங்களுக்கு வழங்கும் முடிவும், களப்பணியாளர்கள் அவற்றை வீடுவரை கொண்டுசேர்த்ததும் பெரும் சேதத்தைத் தவிர்த்தன.

மணவாழ்வின் உள்ளேயும் நெருக்கடி இருந்தது. ஊரடங்கில் குழந்தைகள் பெருகும் என்ற நகைச்சுவை பரவிய நாட்களில், கருத்தடை அறுவைச் சிகிச்சைகளும் காப்பர்-டி பொருத்துதலும் நிறுத்தப்பட்டிருந்தன. ஏறத்தாழ 2.56 கோடி இணையர்க்குக் கருத்தடை வசதி எட்டாமல் போகலாம் என்று இனப்பெருக்க நலச் சேவை நிறுவனமான எஃப்ஆர்எச்எஸ் இந்தியா மதிப்பிட்டது. முதல் மூன்று மாதங்களில் சுமார் 18.5 லட்சம் கருக்கலைப்புகள் தடைபட்டிருக்கும் என்றது ஐபாஸ் அமைப்பு. கருக்கலைப்புக்கான கால வரம்பைச் சில பிரிவினருக்கு 24 வாரமாக உயர்த்தும் மசோதா, ஊரடங்குக்கு ஒரு வாரம் முன்பு, 2020 மார்ச் 17-இல் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவை அதை ஏற்க மேலும் ஓராண்டு ஆயிற்று. இங்கிலாந்தோ 2020 மார்ச் 30-இலேயே, தொலைபேசி ஆலோசனையின் பேரில் கருக்கலைப்பு மாத்திரைகளை வீட்டிலேயே உட்கொள்ள அனுமதித்தது.

நகைச்சுவை பொய்த்தது. 2019-இல் 2.48 கோடியாக இருந்த பதிவான பிறப்புகள் 2020-இல் 2.42 கோடியாகக் குறைந்தன. பதிவு அலுவலகங்கள் மூடியிருந்ததும் இதில் ஒரு பங்கு வகித்திருக்கலாம். அதே ஆண்டு தேசிய மகளிர் ஆணையத்துக்கு 23,700-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. ஓரறை வீடுகள் நிறைந்த நகரத்தில் ‘வீட்டில் இருங்கள்’ என்ற ஆணை, வீடு எல்லோருக்கும் பாதுகாப்பானது என்ற அனுமானத்தின் மீது எழுந்தது.

இனி அந்தப் பட்டியலுக்குத் திரும்பலாம். 1864-இன் பதிவேடும் 2020-இன் பட்டியலும் ஒன்றல்ல. முன்னது தண்டிக்க எழுந்தது, பின்னது உணவளிக்க. ஆனால் பட்டியலில் ஏறும் பெண்ணுக்கு அது யார் கையில் சேரும் என்பதே கேள்வி. நீதிமன்றமும் மெல்ல இதை உணர்ந்தது. 2021 டிசம்பரில் ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார் ஆகியவற்றை வழங்கப் பணித்தபோது மந்தணம் காக்கப்பட வேண்டும் என்றது. சமூக அமைப்புகள் தயாரிக்கும் பட்டியல்களைச் சரிபார்த்து ஏற்கவும் பின்னர் வழிசெய்தது. 2022 மே 19-இன் உத்தரவு, ஆதார் எண்ணில் தொழிலை அடையாளம் காட்டும் குறியீடு எதுவும் இருக்கலாகாது என்று வெளிப்படையாகக் கூறியது. கண்டோன்மென்ட்டின் அடையாளச் சீட்டு எதைக் காட்டுவதற்காக அச்சிடப்பட்டதோ, அதையே மறைக்கச் சொன்ன ஆணை இது.

பாலியல் நலத்தைப் பொறுத்தவரை ஒரு பெருந்தொற்றுக் காலத்தின் தயார்நிலையைக் கையிருப்பு ஆணுறைகளின் எண்ணிக்கையால் மட்டும் அளக்க இயலாது. யாருடைய பெயர் எழுதப்படுகிறது, எழுதுபவர் யார், அதைப் படிக்க யாருக்கு உரிமை உண்டு என்பவையும் அந்த அளவுகோலில் அடங்கும். லாக் மருத்துவமனை அறிக்கைகளில் பெண்கள் எண்களாக இருக்கிறார்கள்; எத்தனை பேர் பதிவாயினர், எத்தனை பேர் அடைபட்டனர் என்பது தெரிகிறது, அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது தெரியவில்லை. 2020-ஐப் பற்றி எழுதப்போகும் வரலாறு அவ்வாறு அமையாதிருக்க, அக்காலத்தை வாழ்ந்தவர்களின் சொற்களை அவர்களின் ஒப்புதலோடும் பெயர் மறைத்தும் இப்போதே திரட்ட வேண்டும்.