அவசர முதுகுத்தண்டு ஸ்கேன்: காவிரி டெல்டா

தண்டுவடமோ அதன் கீழ்முனை நரம்புக்கொத்தோ நசுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்ததும் காலம் தாழ்த்தாமல் எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. படமே அவசர முதுகுத்தண்டு ஸ்கேன். முதுகெலும்பு முறிவு, ஜவ்வுப் பிதுக்கம், எலும்புக் காசநோய், புற்றுநோய்க் கட்டி ஆகியவை இதற்கான முக்கியக் காரணங்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி போன்ற தென்னை வட்டாரங்களில், மரமேறுவோர் தவறி விழும் ஆபத்தும் சாலை விபத்தோடு சேர்ந்துகொள்கிறது.

வெறும் இடுப்புவலிக்கு இந்த அவசரம் தேவையில்லை. வலியோடு இரு கால்களும் மரத்துப்போதல், சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல், ஆசனவாயைச் சுற்றி உணர்வு மங்குதல் ஆகியவையே அபாய அறிகுறிகள். இவற்றோடு வரும் நோயாளிக்கு, மருத்துவர் ஸ்கேன் கேட்ட நான்கு மணி நேரத்துக்குள் படம் எடுக்கப்பட வேண்டும் என்கிறது பிரிட்டனில் 2023-ல் வெளியான தேசிய நெறிமுறை. கழுத்துத் தண்டுவடக் காயத்துக்கு 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்தால் நரம்புகள் மீளும் வாய்ப்பு கூடுவதாக 2012-ல் வெளியான ஸ்டாஸ்கிஸ் ஆய்வு காட்டியது.

டெல்டாவில் காத்திருப்பு ஸ்கேன் அறை வாசலில் தொடங்குவதில்லை. வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூருக்குச் சுமார் 100 கிலோமீட்டர். 1959-ல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கே நெடுங்காலம் நோயாளிகள் அனுப்பப்பட்டனர். திருவாரூரில் 2010-லும் நாகப்பட்டினத்தில் 2022-லும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தபின், கடலோர ஊர்களுக்கு உயர்சிகிச்சை நெருங்கி வந்தது. 2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்ஸ், முதுகு அசையாதபடி பலகையில் கிடத்திக் கொண்டுவருகிறது.

வாசலைத் தாண்டினால் வரிசை. தமிழ்நாட்டின் விபத்து, அவசர சிகிச்சை முன்முயற்சியில் நோயாளிகள் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கப்படுகிறார்கள். ஸ்கேன் பட்டியலும் டோக்கன் எண்ணை விட்டு இந்த நிறங்களைப் பின்பற்றினால், கால் செயலிழந்தவர் முந்திப் போவார்.

பணமும் தாமதத்துக்கு ஒரு காரணம். 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் அரசு மருத்துவமனைகளில் குறைந்த கட்டணத்தில் ஸ்கேன் மையங்களை நடத்துகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. தென்னையிலிருந்து விழுந்தவருக்கு அது பொருந்தாது.

அறைக்குள்ளும் நிமிடங்களை மிச்சப்படுத்தலாம். முழு முதுகு எம்.ஆர்.ஐ.க்கு அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். நசுக்கம் உண்டா என்று மட்டும் பார்க்கும் சுருக்கப் படத்துக்குச் சில நிமிடங்கள் போதும். பேஸ்மேக்கர், உடலுக்குள் வைத்த உலோகம் பற்றிய கேள்விகளை வார்டிலேயே கேட்டுவிட்டால் மேசை காலியாகக் கிடக்காது. எலும்பு முறிவை சி.டி. விரைவில் காட்டும் என்றாலும், தண்டுவடத்தின் நிலையை அறிய எம்.ஆர்.ஐ.யே வேண்டும். இரவுப் பணியில் கதிரியக்க மருத்துவர் இல்லாத இடங்களில், வேறு ஊரில் இருப்பவருக்குப் படத்தைக் கணினி வழியே அனுப்பி அறிக்கை பெறும் முறையும் உண்டு.