சி-ரியாக்டிவ் புரதம்

உடலில் எங்காவது அழற்சி ஏற்பட்டால் கல்லீரல் உண்டாக்கி இரத்தத்தில் விடும் புரதம் சி-ரியாக்டிவ் புரதம். மருத்துவர்கள் சுருக்கமாக 'சிஆர்பி' என்பார்கள். ஒரே மாதிரியான ஐந்து அலகுகள் வளையமாக இணைந்தது இது. ஒவ்வோர் அலகிலும் 206 அமினோ அமிலங்கள் உண்டு. கடுமையான தொற்றை அறியப் பயன்பட்ட சிஆர்பி இரத்தச் சோதனை, இப்போது மாரடைப்பு, நீரிழிவு, நுரையீரல் அடைப்பு நோய் ஆகியவற்றோடு சேர்ந்தே இருக்கும் மெல்லிய, நாள்பட்ட அழற்சியை அளக்கவும் பயன்படுகிறது.

1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில், ஆஸ்வால்ட் ஏவரியின் ஆய்வகத்தில், வில்லியம் டில்லெட்டும் தாமஸ் பிரான்சிஸும் இதைக் கண்டறிந்தனர். நிமோனியாக் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த 'சி' என்ற பகுதியோடு நோயாளியின் சீரத்தைக் கலந்தபோது வீழ்படிவு உண்டானது. காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோது எடுத்த சீரம்தான் இப்படிச் செய்தது. குணமானபின் எடுத்த சீரத்தில் ஒன்றும் நிகழவில்லை. எதிர்ப்பொருளாக இருந்திருந்தால் குணமாகும் வேளையில் அல்லவா பெருகியிருக்க வேண்டும்? வேறு கிருமிகளால் நோயுற்றவர்களின் சீரத்திலும் இதே வினை தெரிந்தது. ஆக, இது ஒரு கிருமிக்கென்று உருவான எதிர்ப்பொருள் அல்ல. உடலின் பொதுவான எதிர்வினை.

இன்டர்லூகின்-6 என்ற சமிக்ஞைப் புரதம் கல்லீரலை எட்டியதும் சிஆர்பி உற்பத்தி தொடங்குகிறது. சுமார் 6 மணி நேரத்தில் அளவு ஏறத் தொடங்கி, 48 மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். கடும் தொற்றில் ஆயிரம் மடங்குகூட உயரும். நலமாக இருந்தாலும் நோயுற்றிருந்தாலும் இதன் அரை ஆயுள் ஏறக்குறைய 19 மணி நேரம்தான். எனவே இரத்தத்தில் காணும் அளவு, கல்லீரல் எவ்வளவு வேகமாக இதை உண்டாக்குகிறது என்பதை மட்டுமே காட்டும். இரத்தசோகை இருந்தாலே மாறிவிடும் பழைய இஎஸ்ஆர் (சிவப்பணு படிவு வேகம்) சோதனையைவிட இதை நம்பலாம் என்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இதய நோய் ஆய்வில் சிஆர்பி பெரிதாகக் கவனம் பெற்றது 1997இல். நலமாக இருந்த அமெரிக்க மருத்துவர்களின் சேமித்த இரத்தத்தைப் பால் ரிட்கர் குழு ஆராய்ந்தபோது, சிஆர்பி கூடுதலாக இருந்தவர்களுக்கே பின்னாளில் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்திருந்தது தெரிந்தது. 2003இல் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் குறைந்த ஆபத்து, 3க்கு மேல் இருந்தால் அதிக ஆபத்து என்று அமெரிக்காவில் வரையறுத்தார்கள். 2008இல் வெளியான ஜூபிடர் ஆய்வில், கெட்ட கொழுப்பு அதிகமில்லாத ஆனால் சிஆர்பி 2க்குக் குறையாத 17,802 பேரில் பாதிப் பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் கொடுத்தனர். அவர்களிடையே இதய, இரத்தநாளப் பாதிப்புகள் 44 சதவீதம் குறைந்தன. ஆனால் அந்த மருந்து கொழுப்பையும் சேர்த்தே குறைக்கும். பலன் எதனால் வந்தது என்ற வாதம் இதனால் ஓயவில்லை.

சிஆர்பி குற்றவாளியா, வெறும் சாட்சியா? மரபணு ஆய்வுகள் சாட்சி என்றே சொல்கின்றன. பிறவியிலேயே சிஆர்பி கூடுதலாகச் சுரக்கும் மரபணு வகை உள்ளவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வரவில்லை. இன்டர்லூகின்-6 ஏற்பியின் செயலை மட்டுப்படுத்தும் மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கோ இதய நோய் குறைவு. கோளாறு சிஆர்பியில் அல்ல, அதைத் தூண்டும் முந்தைய படியில் இருக்கிறது என்பதை 2017இல் வந்த கேன்டோஸ் ஆய்வும் காட்டியது: கொழுப்பைத் தொடாமல், இன்டர்லூகின்-6ஐத் தூண்டும் இன்டர்லூகின்-1 பீட்டாவை மட்டும் தடுத்த கானகினுமாப் மருந்து, மீண்டும் வரும் இதயப் பாதிப்புகளை 15 சதவீதம் குறைத்தது. உயிரைப் பறிக்கும் தொற்றுகள் அதனால் கூடியதுதான் சிக்கல். பின்னர் கீல்வாதத்துக்குத் தரும் மலிவான கோல்கிசின் பக்கம் கவனம் திரும்பியது. அதன் ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை.

நீரிழிவில் கதை தொப்பையிலிருந்து தொடங்குகிறது. கொழுப்புத் திசு வெறும் சேமிப்பு அல்ல. இன்டர்லூகின்-6ஐத் தானே சுரக்கும். உடல் பருத்தவர்களுக்கு சிஆர்பி உயர்வதும், எடை குறைந்தால் அதுவும் இறங்குவதும் இதனால்தான். சென்னையில் நடந்த கியூர்ஸ் ஆய்விலும் உடற்கொழுப்பு, நீரிழிவு, இதயநாள நோய் மூன்றோடும் சிஆர்பிக்குத் தொடர்பு தெரிந்தது.

நுரையீரலில் இதன் பயன் வேறு மாதிரி. நாள்பட்ட அடைப்பு நோயாளிக்கு மூச்சுத்திணறல் திடீரென மோசமானால் கிருமிக்கொல்லி தருவது வழக்கம். பலருக்கு அது தேவையே இல்லை. 2019இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், விரல்நுனி இரத்தத்தில் சிஆர்பி பார்த்துவிட்டு முடிவெடுத்தபோது கிருமிக்கொல்லி உட்கொண்டோர் 77 சதவீதத்திலிருந்து 57ஆகக் குறைந்தனர், நலம் கெடவில்லை. என் கணிப்பில், இந்தச் சோதனையின் மிக உருப்படியான பயன் இதுதான்.

சோதனை அறிக்கையில் முதலில் அலகைப் பார்க்க வேண்டும்: சில ஆய்வகங்கள் லிட்டருக்கும், சில டெசிலிட்டருக்கும் கணக்கிடுவதால் எண் பத்து மடங்கு மாறிவிடும். இதய ஆபத்தை அளக்க மிகக் குறைந்த அளவையும் காட்டும் உயர் உணர்திறன் சோதனையே ஏற்றது. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் சளி, ஈறு வீக்கம் போன்ற உடனடிக் காரணத்தைத் தேடி, இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். டோசிலிசுமாப் போன்ற இன்டர்லூகின்-6 தடுப்பு மருந்து எடுப்பவர்களுக்கு, உள்ளே தொற்று இருந்தாலும் சிஆர்பி உயராமல் போகலாம்.