அமுணமும் சங்கிலியும்

மாத்தளைப் பக்கத்து உக்குவளைச் சரிவுகளில் பழைய எல்லைக்கல்லைத் தேடுபவர் முதலில் நிலத்தைப் பார்ப்பதில்லை. நில அளவைப் படத்தையே விரிக்கிறார். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குரிய திசையும் தொலைவும் அதில்தான் உள்ளன. மிளகுக்கொடியின் வேரும் சருகும் மூடிய கல், படம் காட்டும் இடத்தில் மண்ணைச் சுரண்டும்போதே தலைகாட்டுகிறது.

பழைய படங்களில் தொலைவு அடியிலன்றி லிங்க் எனப்படும் சங்கிலிக் கண்ணிகளில் தரப்பட்டிருக்கும். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கணிதர் எட்மண்ட் குன்டர் வகுத்த அளவுச் சங்கிலி 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்டது. 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், அதாவது 160 பேர்ச்சஸ். கணக்குக்கு ஒவ்வாத 66 என்னும் எண்ணுக்குள் பத்தின் மடங்கைப் புகுத்திய அந்த மூளை வியப்புக்குரியது. பத்துக் கண்ணிக்கு ஒன்றாகப் பித்தளைத் தகடு தொங்கும். பத்தாவதில் ஒரு பல், இருபதாவதில் இரண்டு பல், நடுவில் ஐம்பதாவதில் வட்டத் தகடு என்று அமைந்திருப்பதால், எண்ணத் தெரியாத கூலியாளும் தகட்டைத் தடவியே அளவு சொல்லிவிடலாம். சரிவில் சங்கிலியைத் தரையோடு படியவிடாமல் கிடைமட்டமாக இழுத்துப் பிடித்து, தூக்குக்குண்டால் புள்ளியைக் கீழே இறக்கிப் படிப்படியாக அளப்பர்.

கண்டிச் சீமைக் குடியானவரின் அளவு வேறு. அமுணம் என்பது முதலில் தானியத்தின் அளவு. அவ்வளவு விதை நெல் கொள்ளும் நிலமும் அமுணமே. மண்ணின் வளத்துக்கேற்ப அதன் பரப்பு மாறும். விதை சரிவின் முதுகெல்லாம் விழுகிறது, சங்கிலியோ சரிவையே கணக்கில் கொள்வதில்லை. ஆகவே அளவையாளர் சொன்ன ஏக்கர் உழவருக்குக் குறைவாகத் தோன்றியிருந்தால் அது வெறும் அறியாமையன்று.

அளந்த நிலம் யாருடையது என்பதைச் சட்டம் சொன்னது. 1840இன் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காட்டையும் தரிசையும் மாற்றுச் சான்று இல்லாதவரை முடிக்குரியதாகக் கொண்டது; கண்டிப் பகுதியில், இடைவெளி விட்டுப் பயிரிடப்படும் சேனை நிலத்துக்குச் சன்னஸ் என்னும் அரச கொடைப் பட்டயத்தையோ வழக்கமான வரி செலுத்திய சான்றையோ கேட்டது. அந்நாளில் முடிக்குரிய நிலம் தோட்டக்காரருக்கு ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டது. டொரிங்டன் ஆளுநராக வருமுன்பே இயற்றப்பட்ட இச்சட்டமே 1848 கிளர்ச்சிக்குக் காரணமான உண்மையான வில்லன். டொரிங்டன் அதன் விளைவை அறுவடை செய்தவர் மட்டுமே.

சங்கிலி இத்தனை நீண்டுவிட்டதால், இந்த இதழில் வரும் எனச் சென்ற இதழில் அறிவித்திருந்த, கிளர்ச்சித் தலைவர் புரன் அப்புவின் கூட்டத்தார் மாத்தளைக் கச்சேரியைத் தாக்கி வரிப் பதிவேடுகளை அழித்த 1848 ஜூலை அடுத்த இதழுக்குத் தள்ளிப்போகிறது.

(தொடரும்)