திட்டியது எங்கே, எதற்காக? – இரு தீர்ப்புகள்

பணியிடத்தில் பேசிய பேச்சு பற்றி உச்ச நீதிமன்றம் 2025-இல் பத்தே நாள் இடைவெளியில் இரண்டு தீர்ப்புகள் சொன்னது. இரண்டிலும் குற்ற வழக்கு ரத்தானது. காரணங்கள்தான் வேறு. கல்வராயன் மலையிலிருந்து கீழே இறங்கிக் கள்ளக்குறிச்சி அரிசி ஆலைகளில் கூலி வேலை பார்க்கும் பழங்குடி மக்களை மனத்தில் வைத்துப் படித்தால், அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது தெரியும்.

ஜனவரி 31-இல் வந்தது கருப்புடையார் வழக்கு. லால்குடி போலீஸ் தொடுத்தது. பட்டா மனு என்ன ஆயிற்று என்று கேட்கப் போனவர், பட்டியல் சாதியைச் சேர்ந்த வருவாய் ஆய்வாளரை அவருடைய அலுவலகத்திலேயே சாதிப் பெயர் சொல்லித் திட்டினார் என்பது புகார். சக ஊழியர்கள் மூவர் பிறகுதான் உள்ளே வந்து சமாதானப்படுத்தினார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, அவமதிப்பு பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள் நடந்ததால் குற்றச்சாட்டு நிற்கவில்லை.

பிப்ரவரி 10-இல் வந்தது பி.வி. ராம்குமார் வழக்கு. செகந்திராபாத்தில் ஒரு மத்திய அரசு நிறுவனத்தின் பொறுப்பு இயக்குநர், உதவிப் பேராசிரியர் ஒருவரைக் குரல் உயர்த்திக் கண்டித்தார். பொது அமைதி குலையும்படி தூண்டும் நோக்கில் வேண்டுமென்றே அவமதித்தால்தான் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு பொருந்தும். இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 352-ஆம் பிரிவும் அப்படியே. வேலை தொடர்பான கண்டிப்பு அதில் சேராது என்றது நீதிமன்றம்.

இரண்டாவது தீர்ப்பை என்னால் ஏற்க முடிகிறது. வேலையில் குறை கண்டால் மேலாளர் கடிந்துகொள்ளத்தான் செய்வார். அதற்கெல்லாம் போலீஸ் வந்தால் எந்த இடத்திலும் வேலை நடக்காது. மனத்தை உறுத்துவது முதல் தீர்ப்புதான். அங்கே சொன்ன சொல் என்ன என்பதல்ல, சொன்ன இடம் எது என்பதே வழக்கை முடித்துவிட்டது.

ஆலையில் இது எப்படி நடக்கும்? நெல் களத்தில் கூட்டாளிகள் நெல் கிளறிக்கொண்டிருக்க, மேஸ்திரி ஒரு மலைவாழ் பெண்ணைச் சாதியைச் சொல்லி ஏசினால் கேட்கப் பத்துக் காதுகள் உண்டு. அதே பெண் முன்பணக் கணக்கு கேட்டு ஆபீஸ் அறைக்குள் போகிறாள். மேசையில் நோட்டு, எதிரே கணக்குப்பிள்ளை, கதவு சாத்தியிருக்கிறது. அதே வசவை அங்கே வாங்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தால் சட்டத்தின் கண்ணில் அது நடக்கவே இல்லை. கூலி, கடன், கணக்கு என்று வாய் தடிக்கும் பேச்செல்லாம் பெரும்பாலும் அந்த அறையில்தான் நடக்கிறது. அந்தப் பெண்ணின் கல்வராயன் மலை, ஜாகீர்தார்களுக்கு வெட்டி வேலை செய்த மலை. 1976-இல்தான் அரசின் கைக்கு வந்தது. அந்த மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்னும் இந்த நிலை.

நீதிபதிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. நாடாளுமன்றம் எழுதியதைத்தான் அவர்கள் படித்தார்கள். ஆனால் அதே நாடாளுமன்றம் 2013-இல் பெண்களுக்கான பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தை இயற்றியபோது, பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை வைக்கவில்லை. ஆபாசப் பேச்சு மூடிய அறையில் நடந்தாலும் மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம். பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் இடமானால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். பாலியல் வசவுக்குச் செய்ய முடிந்ததைச் சாதி வசவுக்கும் செய்ய முடியும், செய்ய வேண்டும்.

அதுவரை ஆலை முதலாளிகள் ஒன்று செய்யலாம்: கூலிக் கணக்கைக் களத்திலேயே, நாலு பேர் முன்னிலையில் தீருங்கள். வேலைக்கு வருகிறவர்கள் அந்த அறைக்குத் தனியாகப் போக வேண்டாம். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். திட்டு விழுந்தால் தேதி, நேரம், சொன்ன சொல் மூன்றையும் அன்றே எழுதி வையுங்கள். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் அமர்த்தித் தரும்.