டரான்டுலா: முதிர்ந்த ஆணின் சிற்றின அடையாளம்

தெரபோசிடே குடும்பத்தைச் சேர்ந்த பெருஞ்சிலந்திகளான டரான்டுலாக்களில் பருவமெய்திய ஆணின் பேரினத்தையும் சிற்றினத்தையும் உடலமைப்பைக் கொண்டு கண்டறியும் முறை. இக்குடும்பத்தில் 1,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன.

பருவப் பண்புகள்: இறுதித் தோலுரிப்புக்குப் பின் ஆணின் உடல் மெலிந்து, கால்கள் நீண்டு தோன்றும். வாயருகேயுள்ள தொடுகால்களின் நுனியில் விந்தைத் தாங்கும் குமிழ் உருவாகிறது. பல பேரினங்களில் முதலிணைக் கால்களின் அடிப்புறத்தில் கொக்கிகள் வளர்கின்றன. கலவியின்போது பெண்ணின் நச்சுப்பற்களை இவை பிடித்து நிறுத்துகின்றன.

அடையாளக் கூறுகள்: குமிழ் முனையின் வளைவும் விளிம்புகளும் நுண்ணோக்கியில் ஆராயப்படுகின்றன. கொக்கியின் இருப்பும் முக்கியமானது: தெரபோசா அபோபிசிஸ் ஆணுக்குக் கொக்கி உண்டு, தெரபோசா பிளோண்டி ஆணுக்கு இல்லை. வயிற்றில் அரிப்பூட்டும் மயிர்கள் இருப்பின் அது அமெரிக்கக் கண்டங்களின் இனமாகும். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வாழும் பொயிசிலோதீரியா பேரினத்தில் கால்களின் அடிப்புற வண்ணப்பட்டைகள் சிற்றினத்தைப் பிரித்துக் காட்டுகின்றன. பல இனங்களில் முதிர்ந்த ஆணின் நிறம் பெண்ணினின்று வேறுபடுவதால், நிழற்படத்தை மட்டும் கொண்டு செய்யும் முடிவு உறுதியற்றது.

வரலாறு: பொயிசிலோதீரியா ரெகாலிஸ், பொயிசிலோதீரியா மெட்டாலிகா ஆகியவற்றை 1899-இல் விலங்கியலாளர் போகாக் விவரித்தார்.

முக்கியத்துவம்: வளர்ப்பில் கலப்பினப் பெருக்கத்தைத் தவிர்க்கவும், கடிக்குரிய சிகிச்சைக்கும், 2019-இல் பொயிசிலோதீரியா பேரினத்தை உட்படுத்திய சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் குறித்த உடன்படிக்கை) வணிகக் கட்டுப்பாட்டைச் செயற்படுத்தவும் சரியான அடையாளம் தேவை. முதிர்ந்த ஆண்களின் எஞ்சிய ஆயுள் பெரும்பாலும் சில மாதங்களே என்பதால், இறந்த உடலை எரிசாராயத்தில் பாதுகாப்பது பின்னாய்வுக்கு உதவும்.